தார் பாலைவனக் கள்ளியின் ஹெர்பேரியப் பதிவுகளைத் தேடுவது எப்படி?

ராஜஸ்தானின் பாறைக் குன்றுகளில் ஆள் உயரத்துக்குப் புதர் புதராக வளரும் கள்ளியை அங்கே 'தோர்' என்கிறார்கள். தாவரவியல் பெயர் யூஃபோர்பியா கடூசிஃபோலியா. இந்தச் செடியை யார், எங்கே, எந்த ஆண்டில் சேகரித்து, உலர்ந்த செடிகளைத் தாளில் ஒட்டிக் காக்கும் ஹெர்பேரியங்களில் வைத்திருக்கிறார்கள் என்று ஒரு பட்டியல் எடுத்து வாருங்கள் என உங்கள் வழிகாட்டி சொல்லியிருப்பார். ஒரு வாரத்தில் முடித்துவிடலாம் என்றுதான் தோன்றும். இறங்கிப் பார்த்தால் பெயர்க் குழப்பம், பதில் வராத கடிதங்கள், படிக்க முடியாத கையெழுத்து, பாதி உதிர்ந்துபோன மாதிரிகள் என்று மாதக்கணக்கில் இழுக்கும். நான் பட்ட பாட்டில் பாதியையாவது நீங்கள் படாமல் தப்பிக்கலாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

வேலை நெடுக ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். சீட்டில் எழுதியிருக்கும் பெயர் ஒருவருடைய கருத்து. தாளில் ஒட்டியிருக்கும் செடிதான் சான்று. கணினித் தரவுத்தளங்கள் தருவது பெரும்பாலும் முதலாவதை.

1. பெயர்ப் பட்டியலைத் தயாரியுங்கள் (செலவு இல்லை; அரை நாள்)

கியூ தாவரவியல் பூங்காவின் 'பிளான்ட்ஸ் ஆஃப் தி வேர்ல்ட் ஆன்லைன்' தளமும், பெயர்கள் வெளியான விவரம் தரும் 'ஐ.பி.என்.ஐ.' தளமும் இலவசம். கடூசிஃபோலியா என்ற பெயரைத் தாவரவியலாளர் ஹெய்ன்ஸ் 1914இல்தான் வெளியிட்டார். அதற்கு முன் சேகரித்த எந்தத் தாளிலும் சேகரித்தவரின் கையால் அந்தப் பெயர் இருக்க வழியில்லை. பின்னால் வந்த யாராவது தாளைப் பார்த்துத் திருத்தியிருந்தால்தான் உண்டு. அப்படியானால் பழைய மாதிரிகள் எங்கே? பெரும்பாலும் யூஃபோர்பியா நெரீஃபோலியா என்ற பெயருக்குள் ஒளிந்திருக்கின்றன. அது நம் ஊர் வேலிகளில் நிற்கும் இலைக்கள்ளி. சில தாள்கள் யூஃபோர்பியா நிவூலியா என்ற உறையிலும் கிடக்கலாம்.

புதியவர்கள் தவறாமல் விழும் குழி இதுதான். தரவுத்தளத்தில் சரியான பெயரைத் தட்டினால் அதன் ஒத்த பெயர்களில், அதாவது அதே இனத்துக்கு வழங்கிய வேறு பெயர்களில், உள்ள பதிவுகளும் தாமாகவே வந்துவிடும். ஆனால் ஒத்த பெயர் வேறு, தவறாக வழங்கப்பட்ட பெயர் வேறு. நெரீஃபோலியா தன்னளவில் சரியான, வேறொரு இனத்தின் பெயர். அதனால் அந்தப் பெயரில் தவறாக அடையாளமிட்ட தோர் தாள் உங்கள் தேடலில் ஒருநாளும் அகப்படாது. நெரீஃபோலியா, நிவூலியா இரண்டையும் தனித்தனியாகத் தேடி, அவற்றில் ராஜஸ்தான், குஜராத், சிந்து பகுதிப் பதிவுகளைப் பிரித்தெடுங்கள். நெரீஃபோலியாவின் ஆங்கில எழுத்துக்கூட்டலில் நடுவில் இரண்டு 'ஐ' வரவேண்டும். ஒற்றை 'ஐ' போட்டுப் பதிந்த தாள்களும் உண்டு. இரண்டு விதமாகவும் தேடுங்கள்.

2. எந்த ஹெர்பேரியத்தில் கேட்பது?

நியூயார்க் தாவரவியல் பூங்கா நடத்தும் 'இண்டெக்ஸ் ஹெர்பேரியோரம்' தளத்தில் அதில் பதிந்துள்ள உலகின் ஹெர்பேரியங்களுக்கெல்லாம் குறியீடு, முகவரி, பொறுப்பாளர் விவரம் இருக்கின்றன. தோர் தேடுகிறவர்களுக்கு வேண்டியவை இவை: இந்தியத் தாவரவியல் அளவாய்வு நிறுவனத்தின் ஜோத்பூர் மையம் (பி.எஸ்.ஜே.ஓ.), அதே நிறுவனத்தின் ஹௌரா மத்திய ஹெர்பேரியம் (சி.ஏ.எல்.), டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனம் (டி.டி.), மும்பை புனித சேவியர் கல்லூரியின் பிளாட்டர் ஹெர்பேரியம் (பி.எல்.ஏ.டி.), ஜெய்ப்பூரில் ராஜஸ்தான் பல்கலைக்கழகம் (ஆர்.யு.பி.எல்.), லண்டன் கியூ (கே).

இவற்றில் பிளாட்டரைத் தள்ளிப்போடாதீர்கள். ஜோத்பூர், ஜெய்சல்மேர் பகுதியின் தாவரங்களைப் பற்றி எழுதிய பிளாட்டர், ஹால்பெர்க் இருவருடைய சேகரிப்புக்கு அதுதான் வீடு.

எம்.ஹெச். என்ற குறியீடு மெட்ராஸ் ஹெர்பேரியத்துக்கு உரியது. பெயரைப் பார்த்துவிட்டுச் சென்னையில் தேடாதீர்கள், அது கோயம்புத்தூரில் இருக்கிறது.

3. ஜி.பி.ஐ.எஃப். தளத்திலிருந்து பதிவிறக்கம் (செலவு இல்லை, சில நிமிடங்கள்)

உலகெங்குமுள்ள உயிரினப் பதிவுகளைத் திரட்டித் தரும் தளம் இது. இலவசக் கணக்கு தொடங்கிக்கொள்ளுங்கள். கணக்கு இல்லாமல் பார்க்கலாம், பதிவிறக்க முடியாது. தேடலில் பதிவின் வகை என்ற இடத்தில் 'பாதுகாக்கப்பட்ட மாதிரி' என்பதை மட்டும் தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால் கைபேசியில் படம் பிடித்து ஏற்றிய பதிவுகளும் சேர்ந்து வந்து எண்ணிக்கையை ஊதிக்காட்டும். அவையும் பயனுள்ளவைதான். ஆனால் அவை ஹெர்பேரியப் பதிவுகள் அல்ல.

பதிவிறக்கம் தயாரானதும் அதற்கென்று மாறாத அடையாளமாக ஒரு டி.ஓ.ஐ. எண் தருவார்கள். அதை அன்றே குறித்துவையுங்கள். ஆய்வேட்டில் தளத்தின் பெயரை மட்டும் போட்டால் போதாது, இந்த எண்ணையும் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு பதிவுக்கும் உரிம நிபந்தனை தனி. வணிக நோக்கில் பயன்படுத்தக்கூடாது என்று சில நிறுவனங்கள் கட்டுப்பாடு வைத்திருக்கின்றன. படங்களைப் புத்தகத்தில் அச்சிட நினைப்பவர்கள் இதைக் கவனியுங்கள்.

கோப்பை இருமுறை தட்டி நேராக எக்செல்லில் திறக்காதீர்கள். 1900க்கு முந்தைய நாட்களை எக்செல் நாளாகவே ஏற்றுக்கொள்ளாது. பிந்தைய நாட்களில் மாதத்தையும் தேதியையும் இடம் மாற்றிவிடும். இறக்குமதி வழியாகத் திறந்து, எல்லா நெடுவரிசைகளையும் எழுத்தாகக் கொள்ளும்படி அமையுங்கள். ஆண்டு, மாதம், நாள் மூன்றும் தனித்தனி நெடுவரிசைகளாகவே கோப்பில் இருக்கின்றன. அவற்றை நம்புங்கள்.

கியூ போன்ற இடங்களின் மூலமாதிரித் தாள்களை (ஓர் இனத்தின் பெயருக்கு அடிப்படையான மாதிரிகளை) ஜேஸ்டோர் குளோபல் பிளான்ட்ஸ் தளத்தில் பெரிதாக்கிப் பார்க்கச் சந்தா வேண்டும். உங்கள் பல்கலைக்கழக நூலகம் சந்தா கட்டியிருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். பல படங்கள் அந்தந்த ஹெர்பேரியத்தின் சொந்தத் தளத்திலேயே இலவசமாகக் கிடைக்கின்றன.

4. பட்டியலைச் சலித்தெடுங்கள் (குறைந்தது ஒரு வாரம்)

முதலில் இரட்டைப் பதிவுகள். ஒரே புதரிலிருந்து எடுத்த கிளைகளைச் சேகரித்தவர் நான்கைந்து ஹெர்பேரியங்களுக்குப் பிரித்து அனுப்புவது வழக்கம். சேகரித்தவர் பெயர், சேகரிப்பு எண், நாள் மூன்றும் ஒன்றாக இருந்தால் அது ஒரே சேகரிப்பு. வரைபடத்தில் ஒரு புள்ளிதான். எண் இல்லாமல் 'எஸ்.என்.' என்று மட்டும் இருந்தால் நாளையும் இடத்தையும் வைத்து முடிவு செய்யுங்கள்.

அடுத்தது தோட்டச் செடிகள். கள்ளி வளர்ப்பவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். ஐரோப்பாவிலோ கலிஃபோர்னியாவிலோ கண்ணாடிக் கூடத்தில் வளர்ந்த செடியின் கிளையும் ஹெர்பேரியத் தாளாகிவிடும். சீட்டில் 'கல்ட்.' என்றோ 'ஹார்ட்.' என்றோ இருந்தால் காட்டுச் செடிப் பட்டியலிலிருந்து நீக்குங்கள். தரவுத்தளத்தில் இந்தக் குறிப்பு பலமுறை விடுபட்டிருக்கும். படத்தைத் திறந்து பார்த்தால்தான் தெரியும்.

பிறகு இடப்பெயர்கள். 'ராஜ்புதானா' என்று மட்டும் எழுதிய சீட்டை எந்த மாவட்டத்திலும் வைக்க முடியாது. 'மார்வார்' என்றால் ஜோத்பூரைச் சுற்றிய பழைய சமஸ்தானம். 'மேவார்' உதய்பூர்ப் பக்கம். 'மேர்வாரா' அஜ்மீரை ஒட்டியது. 'கட்ச்', 'காட்டியவார்' இரண்டும் இன்றைய குஜராத். 'சிந்த்', 'சிண்டே' என்று விதவிதமாக எழுதியிருப்பது இன்றைய பாகிஸ்தானின் சிந்து மாகாணம். பழைய சீட்டில் நாடு 'இந்தியா' என்றிருக்கும். தரவு ஏற்றியவர் அதை அப்படியே விட்டிருப்பார். உயரம் அடியிலா மீட்டரிலா என்பதையும் பாருங்கள். மாதத்தை ரோமன் எண்ணில் எழுதும் பழக்கம் இருந்தது. நடுவில் ரோமன் பதினொன்று இருந்தால் அது நவம்பர்.

அட்சரேகை, தீர்க்கரேகை இருக்கிறதே என்று மகிழ்ந்துவிடாதீர்கள். பழைய பதிவுகளில் அந்த எண்கள் பிற்காலத்தில் யாரோ ஊரின் மையத்தைப் பார்த்து இட்டவை. தோர் வளர்வதோ ஊருக்கு வெளியே பாறையில். மணல் மேட்டின் நடுவில் உங்கள் புள்ளி விழுந்தால் செடியைச் சந்தேகிக்காதீர்கள், எண்ணைச் சந்தேகியுங்கள். பிழை வரம்பு என்ன என்று ஒரு தனி நெடுவரிசை வைத்துக்கொள்ளுங்கள்.

5. இந்திய ஹெர்பேரியங்களுக்குக் கடிதம் (ஒன்று முதல் இரண்டு மாதம்)

இந்தியத் தாவரவியல் அளவாய்வு நிறுவனத்தின் 'இந்தியன் வெர்ச்சுவல் ஹெர்பேரியம்' தளத்தை முதலில் பாருங்கள். அங்கே இல்லையென்றால் அலமாரியிலும் இல்லை என்று முடிவுகட்டக்கூடாது. நேரில் போகாமல் இந்த வேலை முடியாது.

கடிதத்தோடு இணைக்க வேண்டியவை: துறைத் தலைவரோ ஆய்வு வழிகாட்டியோ தம் நிறுவனத்தின் தாளில் கையெழுத்திட்ட பரிந்துரை, உங்கள் அடையாள அட்டை நகல், ஆய்வின் நோக்கம் அரைப்பக்கத்தில், பார்க்க விரும்பும் இனங்களின் பெயர்கள், வர உத்தேசித்துள்ள நாட்கள். இனப்பெயர்களில் கடூசிஃபோலியாவை மட்டும் எழுதினால் அந்த உறையை மட்டும்தான் எடுத்துத் தருவார்கள். நெரீஃபோலியா, நிவூலியா, ராய்லியானா, அடையாளம் காணப்படாத யூஃபோர்பியாக்கள் என்று எல்லாவற்றையும் கேளுங்கள். அந்தக் கடைசி உறையில்தான் புதையல் இருக்கும்.

படம் எடுக்க அனுமதி உண்டா, கட்டணம் எவ்வளவு, படத்தை வெளியிடத் தனி அனுமதி வேண்டுமா என்ற மூன்று கேள்விகளையும் கடிதத்திலேயே கேட்டுவிடுங்கள். விதிமுறை இடத்துக்கு இடம் மாறுகிறது. வாசலில் போய் நின்றபிறகு 'கேமராவுக்கு மேலிட அனுமதி வேண்டும்' என்று சொன்னால் பயணச் செலவு பாழ்.

பொதுவான மின்னஞ்சல் முகவரிக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்காதீர்கள். ஓர் அலுவலகத்துக்கு நான் அனுப்பிய கடிதத்தை யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லை என்பது தொலைபேசியில் விசாரித்தபோதுதான் தெரிந்தது. மின்னஞ்சல், பதிவுத் தபால், ஒரு வாரம் கழித்துத் தொலைபேசி என்ற வரிசைதான் பலிக்கும். மத்திய அரசு அலுவலகங்களில் சனி, ஞாயிறு விடுமுறை. விஞ்ஞானிகள் களப்பயணத்தில் இருந்தால் அலமாரிச் சாவி யாரிடம் என்பதே தெரியாமல் போகும். மார்ச் கடைசி நிதியாண்டுக் கணக்கு முடிக்கும் நேரம், அப்போது யாருக்கும் உங்களோடு பேசப் பொழுதிருக்காது. கல்லூரி ஹெர்பேரியமென்றால் விடுமுறைக் காலத்தையும் விசாரியுங்கள்.

தாள்களைத் தபாலில் இரவல் வாங்கலாமே என்று நினைக்க வேண்டாம். இரவல் என்பது நிறுவனத்துக்கும் நிறுவனத்துக்கும் இடையில் நடப்பது, தனி ஆளுக்குக் கிடையாது.

தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்களுக்கு ஒரு யோசனை. ஜோத்பூருக்கு முன் கோயம்புத்தூர் போங்கள். இலைக்கள்ளி, சதுரக்கள்ளி, திருகுகள்ளி உலர்ந்த நிலையில் எப்படி இருக்கும் என்று எம்.ஹெச். தாள்களில் பார்த்துக் கண்ணைப் பழக்குங்கள். உயிரோடு தெருவில் பார்த்துப் பழகிய செடியைக்கூடத் தாளில் அடையாளம் தெரியாது. ஜோத்பூருக்கு மன்னார்குடியிலிருந்து பகத் கி கோட்டி நிலையம் வரை நேரடி ரயில் இருக்கிறது. அந்த நிலையம் ஜோத்பூர் நகரத்திலேயே உள்ளது. டிசம்பரிலும் ஜனவரி முதல் பாதியிலும் சுற்றுலாக் கூட்டத்தால் தங்குமிட வாடகை எகிறும். பிப்ரவரி நல்ல மாதம், செடியும் பூத்திருக்கும்.

6. தாளின் முன்னால் உட்கார்ந்ததும்

கொண்டுபோக வேண்டியவை: பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ், சிறு அளவுகோல், பென்சில், குறிப்பேடு, நிறச் சரிபார்ப்பு அட்டை. பேனாவைப் பையிலேயே வையுங்கள். பழைய மாதிரிகளைப் பூச்சி அரிக்காமலிருக்க மெர்க்குரிக் குளோரைடு என்ற பாதரச நஞ்சைத் தடவியிருப்பார்கள். தாளைத் தொட்ட கையால் வடையைத் தொடாதீர்கள். கையுறை போடுங்கள், வெளியே வந்ததும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். தாளைப் புத்தகப் பக்கம்போல் கவிழ்த்துத் திருப்பக்கூடாது. இரு கையாலும் தட்டையாகத் தூக்கிப் பக்கத்தில் வைக்க வேண்டும்.

இனி செடி. தோர் தாளைத் திறந்தால் முதலில் ஏமாற்றம்தான். விரல் தடிமனில் சுருங்கிய, பழுப்பேறிய ஒரு குச்சி. அதன்மேல் வரிசையாகச் சிறு மேடுகள். ஒவ்வொரு மேட்டிலும் விலகி நிற்கும் இரண்டு முட்கள், அவற்றுக்கு மேலே இலை உதிர்ந்த தழும்பு. தாளின் மூலையில் மடித்து ஒட்டிய சிறு காகிதப் பொட்டலம். அந்தப் பொட்டலத்தை அனுமதி கேட்டுக் கட்டாயம் திறந்து பாருங்கள். உதிர்ந்த இலை, பூ, காய் எல்லாம் அதற்குள்தான் இருக்கும். பலர் அதைத் திறப்பதே இல்லை.

இலையை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். மழைக்காலத்தில் துளிர்த்துப் பிறகு கொட்டிவிடும் இலை அது. பூக்கும் குளிர்காலத்தில் செடி மொட்டையாக நிற்கும். ஆகவே இலையும் பூவும் ஒரே தாளில் கிடைப்பது அரிது. தண்டைப் பாருங்கள். இலைக்கள்ளியில் மேடுகள் முறுக்கிக்கொண்டு ஏறும் ஐந்து வரிசைகளாகத் தெரியும். இமயமலை அடிவாரத்து ராய்லியானாவில் தண்டு தெளிவான விளிம்புகளோடு இருக்கும். தோரின் தண்டு ஏறக்குறைய உருண்டை. சிக்கல் நிவூலியாவிடம்தான். அதன் கிளையும் உருண்டை, முட்களும் இரட்டை. உயிரோடு பார்த்தால் நிவூலியா சிறு மரமாக நிற்கும், தோர் அடியிலிருந்தே பல கிளைகளாகப் பிரிந்து மெத்தைபோல் பரவும். ஒரு முழத் துண்டில் இந்த வேறுபாடு எப்படித் தெரியும்? சேகரித்தவர் 'புதர்', 'பாறைச் சரிவு', 'சயாத்தியம் சிவப்பு' (சயாத்தியம் என்பது கள்ளியின் கிண்ணம்போன்ற பூங்கொத்து) என்று எழுதியிருந்தால் பிழைத்தீர்கள். உலர்ந்தபின் சிவப்பு பழுப்பாகிவிடும், சீட்டைத் தவிர வேறு சாட்சி இல்லை. எதுவும் எழுதாத தாளை 'உறுதியில்லை' என்ற பட்டியலில் போடுங்கள். வழிகாட்டி முகம் சுளித்தாலும் பரவாயில்லை. பட்டியல் சிறிதாக இருப்பதில் வெட்கம் இல்லை.

படம் எடுக்கும்போது தாள் முழுவதையும் ஒரு படம், சீட்டுகளை நெருக்கமாக ஒரு படம், தண்டையும் முட்களையும் அளவுகோலோடு ஒரு படம். பிற்காலத்தில் ஒட்டிய திருத்தச் சீட்டுகள் எத்தனை இருந்தாலும் அத்தனையையும் நாளோடு எழுதிக்கொள்ளுங்கள். யார், எப்போது, எந்தப் பெயரை மாற்றினார் என்ற வரிசை பிறகு மிகவும் உதவும்.

பதிவு குறைவாக இருக்கிறது, ஆகவே செடியும் அரிது என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். முள், கண்ணைக் கெடுக்கும் பால், உலர மறுக்கும் சதை என மூன்றும் சேர்ந்த செடியைச் சேகரிப்பவர்கள் சுற்றிக்கொண்டு போய்விடுவார்கள். ரயில் ஜன்னலிலிருந்து கண்ணில் படும் செடிக்கு ஹெர்பேரியத்தில் சில தாள்களே இருப்பதன் காரணம் அதுதான்.

7. உயிருள்ள செடி, உங்கள் சொந்த மாதிரி

ஜோத்பூர் மெஹ்ரான்கர் கோட்டையின் அடிவாரத்தில் ராவ் ஜோதா பாலைவனப் பாறைப் பூங்கா இருக்கிறது. நுழைவுக் கட்டணம் கட்டி உள்ளே போனால் தோரைக் கையெட்டும் தூரத்தில் பார்க்கலாம். ஹெர்பேரியத்துக்குப் போவதற்கு முந்தைய நாளே இதைச் செய்துவிடுங்கள். பூங்காவில் எதையும் ஒடிக்கக்கூடாது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

மாதிரி எடுக்க வேண்டுமானால் நிலம் யாருடையது என்பதுதான் முதல் கேள்வி. தனியார் நிலமென்றால் உரிமையாளரின் எழுத்து அனுமதி. வனநிலமென்றால் ராஜஸ்தான் வனத்துறை. மவுண்ட் அபு, கும்பல்கர் போன்ற சரணாலயங்களில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் வந்து சேரும். தலைமை வனவிலங்குக் காப்பாளரின் அனுமதிக்கு மாதக்கணக்கில் காத்திருக்க நேரும், நேரமில்லாதவர்கள் சரணாலயத்தைத் தொடாதீர்கள்.

வெட்டும்போது கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். பால் கண்ணில் தெறித்தால் நிறையத் தண்ணீரால் விடாமல் கழுவிவிட்டு உடனே கண் மருத்துவரிடம் போங்கள். கிளையை அப்படியே தாள்களுக்கு நடுவில் அழுத்தினால் அது சாகாது, வாரக்கணக்கில் உயிரோடு கிடந்து இலையைக் கொட்டிவிட்டுப் பூஞ்சை பிடிக்கும். நீளவாக்கில் பிளந்து உள்சதையைச் சுரண்டி எடுங்கள். தோலைக் கொதிநீரில் சற்று அமிழ்த்தியபின் அழுத்துங்கள், அமிழ்த்தும் வேலையைத் திறந்தவெளியில் செய்யுங்கள். உறிஞ்சுதாளை நாள்தோறும் மாற்றுங்கள். பிப்ரவரியில் பூவுக்கு ஒருமுறை, ஆகஸ்டில் இலைக்கு ஒருமுறை அதே புதருக்குப் போக வேண்டும். பயணச் செலவைத் திட்டமிடும்போது இந்த இரண்டாவது முறையை மறந்துவிடுகிறார்கள்.

8. வெளிநாட்டு நண்பருக்குத் துண்டு அனுப்பாதீர்கள்

சதைப்பற்றுள்ள யூஃபோர்பியாக்கள், அழிவாபத்திலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கின்றன. உலர்ந்த துண்டும் அதில் அடங்கும். பதிவு பெற்ற அறிவியல் நிறுவனங்கள் தங்களுக்குள் மாதிரிகளைப் பரிமாறிக்கொள்ளச் சலுகை உண்டு, உங்களுக்கும் எனக்கும் இல்லை. இதற்கு மேல் 2002ஆம் ஆண்டின் உயிரியல் பன்மயச் சட்டம் இருக்கிறது. வெளிநாட்டவரோ வெளிநாட்டு நிறுவனமோ இங்குள்ள உயிரியல் வளத்தை ஆய்வுக்குப் பெற வேண்டுமானால் சென்னையில் தலைமையகம் கொண்ட தேசிய பல்லுயிர் ஆணையத்தின் முன் அனுமதி தேவை. டி.என்.ஏ. ஆய்வுக்கு ஒரு சிறு துண்டுதானே என்று உறையில் போட்டு அனுப்பிச் சிக்கிக்கொள்ளாதீர்கள். படத்தை அனுப்புங்கள்.

9. கண்டுபிடித்த திருத்தத்தை ஒட்டிவிட்டு வாருங்கள்

இலைக்கள்ளி உறையில் ஒரு தோர் தாளைக் கண்டுபிடித்தால் பழைய சீட்டில் அடித்து எழுதாதீர்கள். பொறுப்பாளரிடம் சொல்லி, அமிலமற்ற காகிதத்தில் இனப்பெயர், உங்கள் பெயர், நிறுவனம், நாள் எழுதிய தனிச் சீட்டை அவர் காட்டும் இடத்தில் ஒட்டச் சொல்லுங்கள். வெற்றுச் சீட்டுகளைக் கையோடு கொண்டுபோனால் நேரம் மிச்சம். இணையப் பதிவில் பிழை இருந்தால் ஜி.பி.ஐ.எஃப். பக்கத்திலுள்ள கருத்துத் தெரிவிக்கும் வசதி வழியாக எழுதலாம், அது தரவு தந்த நிறுவனத்துக்குப் போகும். உடனே மாறாது. மாறும்வரை உங்கள் பட்டியலில் தாளின் பட்டைக்குறி எண், பழைய பெயர், உங்கள் முடிவு மூன்றையும் பக்கம் பக்கமாக வைத்திருங்கள். ஆய்வேடு வாய்மொழித் தேர்வில் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.